தன்வினையும் பிறவினையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்தச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்த கடிதத்தோடு, அறக்கட்டளையின் மூலப் பத்திரத்தின் பிரதி ஒன்றையும் அனுப்பியிருந்தார்கள். வாழ்நாள் முழுவதும் பள்ளியாசிரியராக இருந்து, ஓய்வு பெற்றபின் தம் சேமிப்பின் ஒரு பகுதியை இக்கல்லூரிக்கு எழுதிவைத்த ஒருவர், தம் கைப்படவே எழுதிய பத்திரம் அது. அதில் இரண்டு ஷரத்துகள் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை மனித சுபாவத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ வேண்டும் என்பது ஒன்று. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாணவருக்குப் புத்தகப் பரிசு வழங்க வேண்டும் என்பது மற்றொன்று. முதல் ஷரத்தின் பொருட்டு நான் இங்கே நிற்கிறேன். இரண்டாவதைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

மனிதன் ஏன் ஒரு செயலைச் செய்கிறான், செய்துகொண்டிருப்பதை ஏன் பாதியில் விடுகிறான், வேறொருவன் விட்டதை இவன் ஏன் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான் என்னும் கேள்விகளை மனோதத்துவ சாஸ்திரம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டுவருகிறது. இதற்கு அந்தச் சாஸ்திரம் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் ஊக்கம் என்கிறோம். திருக்குறளில் இந்தச் சொல்லின் பெயரால் ஓர் அதிகாரமே உண்டு என்பதையும், அங்கே அது ‘ஊக்கமுடைமை’ என்று, ஒருவன் தன்னிடத்தே வைத்திருக்கும் உடைமையாகவே பேசப்படுகிறது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். இன்று அதே சொல் எங்கே அதிகமாக வழங்குகிறது என்று பார்த்தால், ‘ஊக்கம் அளித்தல்’ என்றும், ‘ஊக்கப்படுத்துதல்’ என்றும், ‘ஊக்கத்தொகை’ என்றும் காண்கிறோம். உடைமையாக இருந்தது தொகையாகிவிட்டது. இருந்த இடத்திலிருந்து எழுவதாக நினைக்கப்பட்ட ஒன்று, இப்போது ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குக் கொடுக்கப்படுவதாகிவிட்டது.

நம் இலக்கணம் வினைச்சொற்களைத் தன்வினை, பிறவினை என்று பிரித்து வைத்திருக்கிறது. ஆடு, ஆட்டு; திருந்து, திருத்து; இயங்கு, இயக்கு. கடைசி இரண்டு இணைகளிலும் ஒரு மெல்லெழுத்து வல்லெழுத்தாக மாறுகிறது; அவ்வளவே. ஆனால் அந்த ஓர் எழுத்து மாறும்போது கர்த்தாவே மாறிவிடுகிறான். மனிதன் எதனால் இயங்குகிறான் என்பது ஒரு கேள்வி. அவனை எதனால் இயக்கலாம் என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. மேனாட்டு மனோதத்துவத்தில் ஊக்கத்தைப் பற்றி எழுந்த சித்தாந்தங்களில் பாதிக்கு மேற்பட்டவை, முதல் கேள்வியைக் கேட்பதாகச் சொல்லிக்கொண்டு இரண்டாவது கேள்விக்கு விடை எழுதியவை என்பதே, இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் அபிப்பிராயம்.

சாஸ்திரத்துக்குள் புகுமுன் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எட்டு வயதிருக்கும்; அணா வழக்கிலிருந்த காலம். மாலை நேரங்களில் திண்ணையில் பாட்டனார் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வாய்விட்டுச் சொல்லும் நாலடியார்ப் பாட்டுகளை, யாரும் சொல்லச் சொல்லாமலே நானும் கூடச் சொல்லிச் சொல்லி, நாற்பது பாட்டுக்கு மேல் மனப்பாடமாகியிருந்தது. அந்தக் கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்த தாய்மாமன், மருமகனின் இந்தச் சாமர்த்தியத்தைக் கண்டு பூரித்துப்போய், இனிப் புதிதாக ஒப்பிக்கும் ஒவ்வொரு பாட்டுக்கும் ஓரணா தருவதாக அறிவித்தார். மறுநாளே நான் நாலடியாரை விட்டுவிட்டுத் திருக்குறளுக்கு மாறினேன். காரணம் வேறொன்றுமில்லை, நாலடிக்கும் ஓரணா, இரண்டடிக்கும் ஓரணா. மூன்று வாரத்தில் நாலு ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. மாமா ஊருக்குத் திரும்பினார். நானும் புத்தகத்தை மூடினேன். சில நாள் கழித்துப் பாட்டனார் என்னைப் பார்த்து, “என்னப்பா, பாட்டு தீர்ந்துபோச்சா, அணா தீர்ந்துபோச்சா?” என்று கேட்டார். அப்போது விளங்காத அந்தக் கேள்வி விளங்குவதற்கு எனக்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன.

பழைய சித்தாந்தங்களில் இயல்பூக்கக் கொள்கையை விரைவாகக் கடந்துவிடலாம். 1908ஆம் ஆண்டில் வில்லியம் மக்டூகல் எழுதிய சமூக மனோதத்துவ நூல், மனிதச் செயல்கள் யாவற்றுக்கும் வேராகச் சில பிறவி உந்துதல்களை வகுத்துச் சொன்னது. அவர் அளவோடுதான் சொன்னார். பின்வந்தவர்கள் ஆளுக்கொரு பட்டியல் போட்டார்கள். 1924இல் பெர்னார்ட் என்ற சமூகவியலார் அதுவரை பலரும் எழுதியவற்றைத் திரட்டி எண்ணிப் பார்த்தபோது, மனிதனுக்கு உண்டென்று சொல்லப்பட்ட இயல்பூக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒருவன் கூட்டத்தோடு சேர்ந்தால் கூடி வாழும் ஊக்கம், ஒதுங்கினால் ஒதுங்கி வாழும் ஊக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டே போவதற்குச் சாஸ்திரம் தேவையில்லை, அகராதி போதும்.

அதற்குப் பின் வந்த கொள்கைக்கு உடல்நூல் பக்கபலமாக நின்றது. 1912இல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் வால்டர் கானன் என்ற உடலியல் அறிஞரின் மாணவர் வாஷ்பர்ன், குழாயோடு இணைத்த ரப்பர்ப் பலூன் ஒன்றை விழுங்கப் பழகிக்கொண்டு, அதை வயிற்றுக்குள் ஊதி உப்பவிட்டு, இரைப்பை சுருங்கும்போதெல்லாம் வெளியே சுழலும் உருளையில் கோடு விழுமாறும், தமக்குப் பசி கிள்ளும்போதெல்லாம் தாமே ஒரு விசையை அழுத்துமாறும் செய்துகொண்டார். இரண்டு கோடுகளும் ஒத்துப்போயின. பசி என்பது இரைப்பையின் சுருக்கமே என்று அவர்கள் முடிவு செய்தார்கள். இரைப்பையை முற்றும் அகற்றிவிட்ட நோயாளிகளுக்கும் பசிக்கத்தான் செய்கிறது என்பது பின்னால் தெரியவந்து, அந்த முடிவு நிலைக்கவில்லை என்றாலும், அதன் உள்ளே இருந்த கருத்து நிலைத்துவிட்டது: உடம்பில் ஒரு குறை ஏற்படுகிறது, அந்தக் குறை உறுத்துகிறது, உறுத்தல் நீங்கும்வரை பிராணி அலைகிறது, நீங்கியதும் அடங்குகிறது. யேல் சர்வகலாசாலையில் இருந்த கிளார்க் ஹல் இதை ஒரு பெருஞ் சித்தாந்தமாக விரித்து, நியூட்டன் கிரகங்களுக்கு எழுதியதுபோல் மனிதச் செயல்களுக்கும் சமன்பாடுகள் எழுதிவிடலாம் என்ற உறுதியோடு 1943இல் தம் பெருநூலை வெளியிட்டார். அந்த நூலைப் படிக்கும்போது அவருடைய பிரயத்தனத்தின் மேல் மரியாதை உண்டாகாமல் இராது. ஆயினும் அதில் வரும் மனிதன், சாப்பிட்டு முடித்த அளவில் செய்வதற்கு வேறொன்றும் இல்லாத மனிதன்.

அதே 1943இல்தான் ஆபிரகாம் மாஸ்லோவின் கட்டுரை அமெரிக்காவின் மனோதத்துவப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. உடலின் தேவை, பாதுகாப்பு, அன்பும் உறவும், பிறர் மதிப்பும் தன்மதிப்பும், தான் ஆகக்கூடியவனாக ஆதல் என்று ஐந்து தேவைகளை அடுக்கி, கீழ்த்தேவை ஒருவாறு நிறைந்த பின்பே மேல்தேவை தலையெடுக்கும் என்று அவர் சொன்னார். நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் இன்று இந்தக் கட்டுரை ஒரு முக்கோணப் படமாகச் சுவரில் விழுகிறது; அந்தப் படத்தை மாஸ்லோ வரையவில்லை, பிற்காலத்து நிர்வாக ஆலோசகர்களின் கைவேலை அது என்பதை அவ்வகுப்புகளில் யாரும் சொல்வதில்லை. ஒரு சராசரிக் குடிமகனுக்கு உடல் தேவையில் 85 விழுக்காடும், பாதுகாப்பில் 70உம், அன்பில் 50உம், மதிப்பில் 40உம், கடைசித் தேவையில் 10உம் நிறைந்திருக்கலாம் என்று அவர் எழுதியபோது, இந்த எண்கள் விளக்கத்துக்காக நானாக இட்டவை என்றும் சேர்த்தே எழுதினார். ஒழுங்குக்கு விலக்குகள் உண்டு என்பதையும், கொள்கைக்காக அனைத்தையும் துறப்போர் உண்டு என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். மாஸ்லோவைக் குறை கூறுவோரில் பலர் அவரைப் படியாமல் முக்கோணத்தைப் படித்தவர்கள்.

ஆனால் அந்த அடுக்கின் அடித்தட்டைப் பற்றி எனக்கு ஒரு பெரிய சந்தேகம் உண்டு. அதற்கும் அதே 1943ஆம் ஆண்டே சாட்சி. அவ்வாண்டில்தான் வங்காளத்தில் பஞ்சம் தலைவிரித்தாடியது. மாண்டவர்கள் 20 லட்சத்துக்கு மேல், 30 லட்சம்வரை என்று மதிப்பிடுகிறார்கள். கல்கத்தா வீதிகளில், உணவுக்கடைகளின் எதிரிலேயே, கிராமத்து ஜனங்கள் சோறு வடித்த கஞ்சித் தண்ணீரைக் கேட்டுக் கேட்டுச் செத்தார்கள், கடைகளை உடைக்கவில்லை. ஏன் பறித்துத் தின்னவில்லை என்ற அந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்து வங்க எழுத்தாளர் மாணிக் பந்த்யோபாத்யாய் ஒரு சிறுகதை எழுதினார். அதில் ஒரு பழைய கொள்ளைக்காரன் வாயிலாக அவர் தரும் விடை, விதியை நம்பினார்கள் என்பதன்று, சட்டத்துக்கு அஞ்சினார்கள் என்பதுமன்று. வயிறு தொடர்ந்து காயும்போது, பறிக்க வேண்டும் என்ற எண்ணத்தை எழுப்பும் சக்தியே உடம்பை விட்டுப் போய்விடுகிறது என்பதுதான்.

இதை ஒரு கதாசிரியனின் கற்பனை என்று தள்ளிவிட முடியாதபடி, 1944ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டா சர்வகலாசாலையில் ஒரு சோதனை தொடங்கியது. போரில் ஆயுதம் ஏந்துவதில்லை என்று மனச்சாட்சியின் பேரால் மறுத்த 36 இளைஞர்கள், பட்டினியால் நலிந்த ஐரோப்பிய மக்களுக்கு மறுவாழ்வு தரும் வழியை மருத்துவர்கள் அறிந்துகொள்ளும்பொருட்டுத் தாமே முன்வந்து பட்டினி கிடந்தார்கள். ஆன்சல் கீஸ் என்பவர் நடத்திய அந்தச் சோதனையில், கால்பந்தாட்ட அரங்கின் கீழிருந்த அறைகளில், 24 வாரம் அரைவயிற்று உணவில் இருந்த அவர்களின் எடை நாலில் ஒரு பங்கு குறைந்தது. எடையைவிட நமக்கு முக்கியம் அவர்கள் மனத்தின் நிலை. அரசியல் பேசியவர்கள் பேச்சை நிறுத்தினார்கள், சிரிப்பு நின்றது, பெண்களைப் பற்றிய நினைவும் போயிற்று. சமையல் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படித்தார்கள், பாகக் குறிப்புகளைச் சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள். பசி அவர்களை எங்கும் உந்தவில்லை. இருந்த இடத்திலேயே சுருட்டிப் போட்டது. இந்த இடத்தில்தான், பசியை ஒரு விசை என்னாமல் ‘பசிப்பிணி’ என்று நோயின் கணக்கில் வைத்த நம் பழைய வழக்கின் கூர்மையை நான் வியக்கிறேன். மணிமேகலையின் அமுதசுரபி ஆற்றியது ஒரு பிணியை.

ஆனால் இதே சோதனைக்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. சிலர் தவிர மற்ற அனைவரும், கதவு பூட்டப்படாத நிலையிலும், ஊருக்குள் சென்று வரும் அனுமதி இருந்தும், ஆறு மாதத்தையும் பட்டினியாகவே கடத்தினார்கள். முகம் தெரியாத மக்களுக்குப் பயன்படும் என்ற ஒரே நினைவு அவர்களை நிறுத்தியது. அடித்தட்டு முழுக்கக் காலியாக இருக்க, மேல்தட்டு மட்டும் அந்தரத்தில் நிற்பதென்றால் அடுக்கு என்ற உவமையைத்தான் நாம் மறுபடியும் யோசிக்க வேண்டியிருக்கிறது. நாஜி முகாம்களிலிருந்து உயிரோடு மீண்ட வியன்னா மருத்துவர் விக்டர் பிராங்கில், வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம் வேண்டும் என்ற நாட்டமே மனிதனின் மூல நாட்டம் என்று 1946இல் எழுதியதும் இந்த வகையான பிரத்தியட்ச அனுபவத்தைக் கொண்டுதான்.

இனிக் குரங்குகளிடம் வருவோம். மனித சுபாவத்தைப் பற்றிய சொற்பொழிவில் குரங்குகளுக்கு இத்தனை இடம் தருவதைச் சபையோர் பொறுத்தருள வேண்டும். நம் சாஸ்திரத்தின் போக்கையே அவைதான் திருப்பின. விஸ்கான்சின் சர்வகலாசாலையில் ஹாரி ஹார்லோ வளர்த்தவை ரீசஸ் இனத்துக் குரங்குகள். வட இந்தியக் கோயில்களிலும் ரயில் நிலையங்களிலும் திரியும் செம்முகக் குரங்குகள். நம் ஊர்க் குல்லாய்க் குரங்குக்குப் பங்காளிகள். 1940களின் இறுதியில் அவர், ஆணியும் கொக்கியும் தாழும் வரிசையாகக் கழற்ற வேண்டிய ஒரு பூட்டுப்புதிரைக் கூண்டில் பொருத்தினார். பழமோ கடலையோ வைக்கவில்லை, அடியும் இல்லை. குரங்குகள் தாமாகவே வந்து, பார்த்து, தொட்டு, சில நாட்களில் பிழையின்றிக் கழற்றக் கற்றுக்கொண்டன. கழற்றிய பின்பு கிடைத்தது கழன்ற பூட்டு மட்டுமே. பிறகு புதிருக்குள் உலர்ந்த திராட்சையை வைத்துப் பார்த்தார். அதுவரை வரிசை தவறாமல் கழற்றிய குரங்குகள், இப்போது வரிசையை மறந்து நேரே திராட்சை இருக்கும் இடத்தில் கைவைத்துத் தடுமாறின. ஹல்லின் சமன்பாடுகளில் இதற்கு இடமே இல்லை.

அதே ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் பட்லர் 1953இல் இன்னொன்றைக் காட்டினார். மங்கலான பெட்டிக்குள் அடைத்த குரங்கு, சரியான நிறமுள்ள கதவைத் தள்ளினால் அரை நிமிஷம் வெளியே பார்க்கலாம். அந்த அரை நிமிஷக் காட்சிக்காகவே அது மணிக்கணக்கில் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தது. ரயில் வண்டியில் ஜன்னலோரம் கேட்டு அழும் குழந்தையைப் பார்த்த எவருக்கும் இதில் ஆச்சரியம் இராது. ஆனால் கண்ணுக்கும் ஒரு பசி உண்டு என்பதை நிரூபணம் இல்லாமல் ஒப்புக்கொள்ள அந்தக் காலத்துப் பண்டிதர்கள் தயாராக இல்லை. அதே காலத்தில் கனடாவின் மக்கில் சர்வகலாசாலையில், மாணவர்களை நாளொன்றுக்கு 20 டாலர் கூலிக்கு மெத்தையில் சும்மா படுத்திருக்கச் சொன்னார்கள். கண்ணுக்கு உருவம் தெரியாத மங்கல் கண்ணாடி, கைக்கு உறை, காதருகே தலையணை, வேளைக்குச் சாப்பாடு. அவர்கள் வேறு வேலையில் சம்பாதிக்கக்கூடியதைவிட இரு மடங்குக் கூலி அது. செய்ய வேண்டியதோ ஒன்றுமில்லை. பெரும்பாலோர் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்கவில்லை. இல்லாத உருவங்கள் கண்முன் வர ஆரம்பித்தன. குறை நீங்கினால் பிராணி அடங்கும் என்பது உண்மையானால் அவர்கள் பரம சுகத்தில் இருந்திருக்க வேண்டும்.

ஹார்லோவே தம் திராட்சைச் சோதனையைத் தொடராமல் தாய்ப்பாசத்தின் பக்கம் திரும்பிவிட்டார். இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்த இழையைப் பிடித்தவர் எட்வர்டு டெசி. ஏழு துண்டுகளைப் பொருத்தி விதவிதமான உருவங்கள் செய்யும் சோமா என்ற புதிரை மாணவர்களுக்குக் கொடுத்து, ஒரு சாராருக்கு மட்டும், பொருத்தும் ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர் கொடுத்தார். பின்பு ஏதோ வேலையாக வெளியே போவதுபோல் எட்டு நிமிஷம் அறையை விட்டு நீங்கி, மறைவிலிருந்து கவனித்தார். மேஜை மேல் பத்திரிகைகளும் கிடந்தன. காசு வாங்கிய சாரார், காசு நின்றதும் புதிரின் பக்கம் குறைவாகவே போனார்கள். காசை அறியாதவர்கள் அந்த எட்டு நிமிஷத்திலும் பொருத்திக்கொண்டிருந்தார்கள். இது 1971இல் வெளியாயிற்று. வித்தியாசம் சிறியது, ஆட்கள் குறைவு என்று ஆட்சேபித்தவர்களுக்கு, 1973இல் ஸ்டான்போர்டு வளாகத்து மழலையர் பள்ளியிலிருந்து வந்த ஆராய்ச்சி பதிலாயிற்று.

வண்ணப் பேனாவால் படம் வரைவதில் தாமாகவே ஈடுபட்டிருந்த 51 குழந்தைகளை மார்க் லெப்பரும் அவர் தோழர்களும் மூன்று பிரிவாக்கினார்கள். படம் வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் கட்டிய நற்சான்றிதழ் தருவதாக ஒரு பிரிவுக்கு முன்கூட்டியே சொல்லித் தந்தார்கள். இரண்டாம் பிரிவுக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்தபின் தந்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு இல்லை. சில நாள் கழித்து, விளையாட்டு வேளையில் பேனாக்களைச் சும்மா மேஜையில் வைத்துவிட்டுப் பார்த்தால், முன்கூட்டியே சொல்லிப் பரிசு பெற்ற குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம், மற்றவர்களின் நேரத்தில் ஏறக்குறையப் பாதியே இருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு எந்தக் குறையும் நேரவில்லை. கெடுத்தது பரிசன்று, பேரம். இந்தக் கட்டுரையைப் படித்த அன்றுதான் என் பாட்டனாரின் கேள்வி எனக்கு விளங்கிற்று. திண்ணையில் நான் தன்வினையாகச் செய்துவந்த ஒன்றை, என் மாமா, அன்பின் மிகுதியால், பிறவினையாக மாற்றிவிட்டார்.

இதை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. 1994இல் காமரன், பியர்ஸ் என்ற இருவர் முந்தைய ஆராய்ச்சிகளையெல்லாம் தொகுத்துக் கணக்கிட்டு, பரிசினால் வரும் கேடு மிகைப்படுத்தப்பட்டது என்றார்கள். 1999இல் டெசியும் அவர் சகாக்களும் 128 சோதனைகளைத் திரட்டி, கேடு உண்மையே என்று மறுத்தார்கள். இந்த வழக்கில் இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு: மனமார்ந்த பாராட்டு ஊக்கத்தைக் கெடுப்பதில்லை, வளர்க்கவும் செய்கிறது, ஆதியிலேயே சலிப்புத் தரும் வேலைக்குக் கூலி கொடுப்பதால் கெடுவதற்கு ஒன்றுமில்லை. ஆதலால், டெசியின் பெயரைச் சொல்லித் தொழிலாளியின் போனஸில் கைவைக்க நினைக்கும் முதலாளிகளை அந்தச் சாஸ்திரம் ஆதரிக்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சேற்றில் இறங்கி நாற்று நடுபவளின் கூலி, புதிர் விளையாடும் மாணவனின் டாலர் அல்ல. இந்தச் சொற்பொழிவுக்காக எனக்கு அளிக்கப்படும் சன்மானத்தையும் நான் திருப்பித் தரப்போவதில்லை.

பேரம் நுழைந்த இடத்திலிருந்து அதை வெளியேற்றுவது எளிதன்று. இஸ்ரேலின் ஹைபா நகரில், குழந்தைக் காப்பகங்களில் மாலையில் பெற்றோர் தாமதமாக வருவதைத் தடுக்க, பத்துக் காப்பகங்களில் ஆறில் அபராதம் விதித்துப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டித்தது. அதுவரை ஆசிரியை காத்திருப்பாளே என்ற கூச்சம் ஓடிவரச் செய்தது. இப்போது காத்திருப்புக்கு விலை கட்டியாயிற்று என்ற நினைப்பு வந்துவிட்டது. சில வாரம் கழித்து அபராதத்தை எடுத்துவிட்டார்கள். கூச்சம் திரும்பி வரவில்லை.

இவ்வளவு கேட்டபின், கீதை சொன்ன நிஷ்காம கர்மமும் இதுதானே என்று சிலருக்குத் தோன்றலாம்; மேடைகளில் அப்படிச் சொல்லக் கேட்டுமிருக்கிறேன். என் சிற்றறிவுக்கு அது பொருந்தவில்லை. புதிரில் இன்பம் கண்டு பொருத்துகிறவன் அந்த இன்பத்தைப் பலனாக அனுபவிக்கிறான். கீதையோ அந்தப் பற்றையும் விடச் சொல்கிறது. மேலும் நம் முன்னோர் அறம், பொருள், இன்பம், வீடு என்று வகுத்தபோது, மனிதனை எது பின்னாலிருந்து தள்ளுகிறது என்று கேட்கவில்லை. அவன் எதை நோக்கிப் போகத் தகும் என்று கேட்டார்கள். கேள்வி வேறானபோது விடைகளை ஒன்றாக்குவது இரண்டு சாஸ்திரத்துக்கும் செய்யும் அநியாயம்.

தன்வினை, பிறவினை என்று நான் கோடு கிழித்ததிலும் ஒரு குறை உண்டு. அதை நானே சொல்லிவிடுகிறேன். விடியற்காலை நாலு மணிக்குத் தகப்பனார் எழுப்பிவிட, தூக்கக் கலக்கத்தில் அழுதுகொண்டே வீணையில் சாதகம் செய்த பெண், இருபது வயதில் ஒரு நாள் சாதகம் செய்யாவிட்டால் கை துடிக்கிறது என்கிறாள். அது யாருடைய வினை? டெசியும் அவருடைய சகாவான ரிச்சர்டு ரயனும் 1985இல் வகுத்த விரிவான கொள்கை இந்தக் கேள்விக்கு இடம் கொடுக்கிறது. வெளியிலிருந்து வந்த ஏவல் படிப்படியாக உட்கொள்ளப்பட்டு ஒருவனுடைய சொந்த இச்சையாகவே ஆகிவிடலாம் என்றும், அதற்குத் தன்னிஷ்டம், திறமை வளர்கிறது என்ற உணர்வு, மனிதர்களின் உறவு ஆகிய மூன்றும் வேண்டும் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். அந்தத் தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டாரா, பிரம்போடு நின்றாரா என்பதைப் பொறுத்திருக்கிறது.

ஏவல் சொந்தமாவதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சோதனை நடந்தது. ஹார்வர்டின் டேவிட் மக்லெலண்டு, 1961இல் வெளியிட்ட நூலில், பல தேசத்துப் பள்ளிப் பாடப் புத்தகக் கதைகளில் சாதிக்கும் விருப்பம் எத்தனை இடத்தில் தென்படுகிறது என்று எண்ணி, அதைக் கொண்டு அத்தேசங்களின் பொருளாதார வளர்ச்சியை அளக்க முயன்றவர். நம் பாட்டியிடம் வடை பறித்த காக்கையையும், காக்கையிடம் அதைப் பறித்த நரியையும் அவர் எந்தக் கணக்கில் எழுதியிருப்பார் என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு. 1964இல் அவர், ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிலையத்தின் உதவியோடு, ஆந்திரத்தின் காக்கிநாடா நகரத்து வியாபாரிகள் 52 பேருக்குச் சில நாள் பயிற்சி அளித்தார். படத்தைப் பார்த்துக் கதை எழுதுவதும், தன் குறிக்கோளைத் தானே வகுப்பதும், அபாயத்தை அளவோடு ஏற்கப் பழகுவதுமே பயிற்சி; கடனோ மானியமோ இல்லை. பயிற்சி பெறாத ராஜமகேந்திரவரத்து வியாபாரிகளோடு ஒப்பிட்டபோது, பிந்திய ஆண்டுகளில் காக்கிநாடாக்காரர்கள் புதிய தொழில் தொடங்குவதிலும் ஆட்களைச் சேர்ப்பதிலும் முந்தியிருந்தார்கள். ஜாதியோ, பழைய ஆசாரங்களில் நம்பிக்கையோ, வேட்டியா காற்சட்டையா என்பதோ இதற்குத் தடையாகவில்லை. ஹிந்துவின் மனப்பான்மைதான் இந்தியாவின் முன்னேற்றத்துக்கு இடையூறு என்று மேனாட்டில் பலர் எழுதிவந்த காலத்தில், இது சாமான்யமான செய்தியன்று. பயிற்சியால் விளைந்ததா, தங்களை ஒரு பொருட்டாக மதித்துத் தொலைதூரத்திலிருந்து ஒருவர் வந்தாரே என்ற மகிழ்ச்சியால் விளைந்ததா என்று கேட்டால், இரண்டையும் பிரிக்க அந்தச் சோதனையில் வழியில்லை. பிரிக்க வேண்டுமா என்பதும் எனக்குத் தெளிவில்லை.

இப்போது அந்த இரண்டாவது ஷரத்து. ஆசிரியப் பெருந்தகை அதில் எழுதியிருப்பது இது: யாரும் ஏவாமல் நூலகத்துக்கு வந்து படிக்கும் மாணவர் ஒருவரை நூலகர் ஆண்டு முழுவதும் கவனித்து வைத்திருந்து, பரிசு உண்டென்பதையே அவர் அறியாத நிலையில், ஆண்டிறுதியில் அழைத்து, அவர் விரும்பும் புத்தகங்களை வாங்கிக்கொடுக்க வேண்டும். லெப்பரின் ஆராய்ச்சியை அவர் படித்திருக்க முடியாது. பத்திரத்தின் தேதி அதற்கு முந்தியது. வகுப்பறையில் நாற்பது ஆண்டு நின்றவருக்கு அது தேவைப்படவும் இல்லை. சில ஆண்டுகள் அந்தப்படியே பரிசு வழங்கப்பட்டதாகவும், நூலகர் கவனித்தார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று தணிக்கையில் கேட்பார்களே என்ற அச்சத்தால், பிற்பாடு அது முதல் மதிப்பெண் பெறும் மாணவருக்கு உரியது என்று மாற்றப்பட்டு, கல்வியாண்டின் தொடக்கத்திலேயே அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுவதாகவும் அலுவலகத்தில் விசாரித்தபோது சொன்னார்கள். இவ்வாண்டுப் பரிசு பெறும் மாணவியின் பெயரும், மதிப்பெண்ணும், புத்தகங்களின் விலையும் உங்கள் கையிலுள்ள அழைப்பிதழின் கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருக்கின்றன.